விற்ற காரும் விடாத பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓராண்டுக்குள் ஒரு காரை வாங்கியவனாகவும் இன்னொரு காரை விற்றவனாகவும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியவன் நான். பழைய கார்களின் பெயர் மாற்றத்தில் அப்போது நான் கண்ட ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வழியாகப் போக்குவரத்துத் துறையின் பார்வைக்கும், காரை விற்கும் எண்ணத்தில் இருக்கும் வாசகர்களின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில் வாங்கிய கதை. பெங்களூருவில் வேலை பார்த்துவந்த என் மகள் வெளிநாடு செல்ல நேர்ந்தபோது, கர்நாடகப் பதிவெண்ணுடன் தன் பெயரில் இருந்த காரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். மகள் தந்தைக்குக் கொடுக்கும் கார்தானே, ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றிவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். மாநில எல்லையைத் தாண்டி வரும் வண்டியின் கணக்கே வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற்றாக வேண்டும்; அதற்கு முன்பாக, 48-ஆம் பிரிவின்படி பழைய அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கியாக வேண்டும். படிவம் 28 மூன்று பிரதிகள், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய ரசீது, வண்டி எந்தத் திருட்டு வழக்கிலும் சிக்கவில்லை என்பதற்கான போலீஸ் தரப்புச் சான்று, கடன் அடைந்துவிட்டதென்று வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 இரண்டு பிரதிகள் என்று ஒரு கோப்பே சேர்ந்துவிட்டது.

இவற்றோடு சேஸிஸ் எண்ணின், அதாவது வண்டியின் உடலில் பொறித்திருக்கும் அடையாள எண்ணின், பென்சில் பிரதி ஒன்றும் வேண்டும். அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மெக்கானிக் ஒருவர் காருக்குள் முன் இருக்கையை நகர்த்தி, விரிப்பைத் தூக்கி, தகட்டில் படிந்திருந்த பல ஆண்டுப் புழுதியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். பிறகு மெல்லிய வெள்ளைத் தாளை அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தார். கரிய பரப்பின் நடுவே 17 எழுத்துகளும் எண்களும் வெள்ளையாக ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நாலாவது எழுத்து சரியாக விழவில்லை என்று முதல் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தேய்த்தார். இன்ன வண்டி இன்னதுதான் என்பதில் ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது என்று சட்டம் எவ்வளவு கறாராக இருக்கிறது என்பதை அந்தப் புழுதித் தரையில் உட்கார்ந்துதான் நான் புரிந்துகொண்டேன்.

தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் இந்தக் கண்டிப்பு குறையவில்லை. புதிய பதிவெண்ணுக்குப் படிவம் 27, பெயர் மாற்றத்துக்கு 29, 30, அதன்பின் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் (நம் ஊரில் இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர்தான்) காரைக் கொண்டுபோய் நிறுத்திச் சேஸிஸ் எண்ணை நேரில் காட்டுதல், கடைசியாக, ஒரே தடவையில் கட்டும் ஆயுள் வரி. 2023 நவம்பரில் இந்த வரி உயர்த்தப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள்: புதிய கார்களுக்கு 5 லட்சம் ரூபாய் விலை வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு அதன் வயதைப் பொறுத்து விகிதம் குறையும். கர்நாடகத்தில் முன்பே கட்டியிருந்த ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பப் பெற வேண்டுமானால், இங்கே பதிவானதற்கான ஆதாரத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் இந்த அலைச்சலைக் குறைசொல்ல நான் இக்கடிதத்தை எழுதவில்லை. கேட்ட தாள்களையெல்லாம் கொடுத்தேன், கேட்ட வரியைக் கட்டினேன், கார் ஐயத்துக்கு இடமின்றி என் பெயருக்கு வந்தது.

இனி விற்ற கதை. வீட்டில் இரண்டு கார் எதற்கு என்று, பன்னிரண்டு ஆண்டுகள் என்னிடம் ஓடிய பழைய காரை ஒரு தரகர் மூலம் 1,35,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். தரகருக்குக் கடை என்று எதுவும் கிடையாது; ஒரு டீக்கடை வாசலும் ஒரு கைப்பேசியும்தான். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "29, 30-லே கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க சார், மீதியை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். வாங்குபவரின் பெயரும் முகவரியும் எழுத வேண்டிய இடங்கள் வெற்றாகவே இருந்தன. "பார்ட்டி கரூர்ப் பக்கம், ரெண்டு நாள்ல பேரு மாத்திடுவாரு" என்று அவர் சொன்னதை நம்பி, இரண்டு படிவங்களிலும் கையெழுத்திட்டேன். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதே என்று முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த வணிகவியல் ஆசிரியன் நான். என் தவற்றை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம், காரை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதிய டெலிவரி நோட் ஒன்றில் தரகரிடம் கையெழுத்து வாங்கி, அவருடைய ஆதார் நகலையும் அதனுடன் வைத்துக்கொண்டதுதான்.

ஐந்து மாதம் கழித்து, அவிநாசி சாலையில் சீட் பெல்ட் அணியாமல் ஓட்டியதற்காக 1,000 ரூபாய் அபராதம் என்று என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஏதோ மோசடிச் செய்தி என்று நினைத்து, இணையதளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபார்த்தேன். படத்தில் இருந்தது என் பழைய கார்தான். பின்கண்ணாடியின் ஓரத்தில் என் பேரன் ஒட்டிய, பாதி உரிந்த யானை ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. தரகரை அழைத்தேன். கரூர்க்காரரிடம் கொடுத்ததாகவும், அவர் வேறொருவருக்கு மாற்றிவிட்டதாகவும், அந்த வேறொருவரின் எண் தம்மிடம் இல்லை என்றும் சொன்னார். அபராதத்தை நானே கட்டிவிட்டேன். ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும். அந்தக் கார் நாளை ஒருவர்மேல் மோதினால் என்ன ஆகும் என்ற நினைப்புத்தான் அன்றிரவு தூங்கவிடவில்லை.

அந்த அச்சம் வீணானதன்று என்பதைச் சட்டத்தைப் படித்துப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30)-ஆவது உட்பிரிவின்படி, யாருடைய பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, ஏ.எம்.கான்வில்கர், டி.ஒய்.சந்திரசூட் ஆகியோர் அமர்வு 2018 பிப்ரவரி 6 அன்று அளித்த தீர்ப்பு என் நிலைமைக்காகவே எழுதியதுபோல் இருந்தது. தாம் 2007-இலேயே விற்றுவிட்டதாக ஒருவர் சொன்ன கார், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு என்று மாறிக்கொண்டே போய், 2009-இல் விபத்து ஒன்றில் சிக்கி, ஓர் உயிரையும் பறித்தது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. வண்டி யார் யார் கைக்குப் போயிற்று என்று தேடிக்கொண்டு பாதிக்கப்பட்ட குடும்பம் அலைய வேண்டியதில்லை, பதிவேட்டில் இருக்கும் பெயருக்குரியவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்த்தால் இந்த முடிவில் குறைகாண முடியாது. ஆனால் பதிவேட்டில் இருக்கும் பெயருக்கு இத்தனை எடை உண்டு என்றால், அந்தப் பெயரைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பும் அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவர்களுக்கு உண்டல்லவா?

மறுநாளே நான் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம், எந்த ஊழியர் என்று எழுத விரும்பவில்லை. அந்த மேசையில் வேறு யார் இருந்திருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன். "வாங்கினவரைக் கூட்டிக்கிட்டு வாங்க சார், அவர் அப்ளை பண்ணணும்" என்றார். வாங்கியவர் யாரென்றே தெரியாமல்தானே ஐயா வந்திருக்கிறேன் என்றேன். அதற்கு அவரிடம் விடையில்லை. மத்திய அரசின் வாகனச் சேவைகளுக்கான பரிவாகன் இணையதளத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க முயன்றால், பதிவான கைப்பேசிக்கு, அதாவது என் கைப்பேசிக்கு, ஓ.டி.பி. வரும். ஐந்து மாதத்தில் அப்படியொரு எண் எனக்கு வரவேயில்லை. அதாவது அந்தக் காரைக் கையில் வைத்திருக்கும் எவரும் பெயர் மாற்ற ஒரு முறைகூட முயன்று பார்க்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காருக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 300 ரூபாய். அதனுடன் சேவைக் கட்டணம் முதலியவை சேரும். எப்படிப் பார்த்தாலும் காரின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. பணம் இல்லாததால் அவர்கள் மாற்றாமல் இருக்கவில்லை. மாற்றாவிட்டால் தங்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதால்தான் மாற்றாமல் இருக்கிறார்கள்.

சட்டம் இதில் ஊமையாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 50-ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வெளிமாநிலத்தில் விற்றவர் 45 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த அறிக்கை கிடைத்ததும் உரிமை மாற்றத்தை ஆர்.சி.யில் பதியலாம் என்று அதே பிரிவின் 6-ஆவது உட்பிரிவு அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. அப்படிப் பதிந்தால் விற்றவருக்கு அதைத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 7-ஆவது உட்பிரிவு. விற்பவன் கொடுக்கும் அறிக்கைதான் படிவம் 29. சட்டம் எழுதியவர்கள் அதை ஒரு தனிப் படிவமாக வைத்ததற்குக் காரணம் இருக்க வேண்டும். நடைமுறையிலோ அது வாங்குபவரின் கோப்பில் சொருகும் ஓர் இணைப்புத் தாளாக மாறிவிட்டது. விற்றவன் கையிலிருந்து நேராக அலுவலகத்துக்குப் போக வேண்டிய தாள், தரகரின் பையில் மாதக்கணக்கில் தூங்குகிறது.

இரண்டு அனுபவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. வெளிமாநிலக் கார் வந்தால் வரி வருகிறது. அதனால் எல்லையில் கண்கள் விழிப்பாக இருக்கின்றன. வரி வித்தியாசத்துக்காகப் புதுச்சேரியில் ஒரு முகவரியைக் காட்டி எண் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டில் ஓட்டுகிறவர்களைச் சாலையில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் மாநிலத்துக்குள் கை மாறும் காரில் அரசுக்குப் புதிய வருமானம் இல்லை. ஆயுள் வரி முதல் நாளே வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே அந்தப் பெயர் ஐந்து மாதம் தப்பாக இருந்தாலும் ஐந்து வருடம் தப்பாக இருந்தாலும் எந்த மணியும் அடிப்பதில்லை. பென்சிலால் தேய்த்து வண்டியின் அடையாளத்தை எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கும் அதே துறை, வண்டியின் சொந்தக்காரர் யார் என்பதில் இவ்வளவு தாராளமாக இருப்பது எனக்கு விளங்கவில்லை.

பழைய கார் வணிகர்களுக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் விதிகளை வெளியிட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது நல்ல ஏற்பாடு. அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் காரை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அதன்பின் வண்டிக்கும் அதன் தாள்களுக்கும் அவரே பொறுப்பு; அதை அவர் தம் சொந்த உபயோகத்துக்கு ஓட்டவும் முடியாது. நான் அப்படிப்பட்ட ஒருவரிடம் கொடுத்திருந்தால் இக்கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் டீக்கடை வாசல் தரகர்கள் இந்த விதிகளைக் கேள்விப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை. பத்தாயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று அவர்களிடம் போகிறவர்களுக்கும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இப்படியொரு விதி இருப்பது தெரிவதில்லை. அலுவலக வாசலில் தலைக்கவசம் பற்றி வைக்கும் பலகைக்குப் பக்கத்தில், வெற்று 29-இல் கையெழுத்திடாதீர் என்று ஒரு பலகை வைக்க என்ன செலவாகிவிடும்?

துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். விற்றவர் தமது ஆதார் ஓ.டி.பி.யுடன், காரை ஒப்படைத்த தேதி, பெற்றுக்கொண்டவரின் பெயர், அவரது அடையாளச் சான்று ஆகியவற்றைச் சேர்த்துப் படிவம் 29-ஐத் தனியாகப் பதிவேற்றினால், அன்றே அந்த வண்டியின் பதிவில் 'இன்ன தேதியில் இன்னாரிடம் விற்றதாக உரிமையாளர் அறிவித்துள்ளார்' என்ற வரி ஏறிவிட வேண்டும். அதே நேரத்தில் பெற்றுக்கொண்டவரின் கைப்பேசிக்கும் ஓர் அறிவிப்புப் போக வேண்டும். சட்டம் தரும் 30 நாட்களுக்குள் அவர் பெயர் மாற்றம் செய்யாவிட்டால், புகைச் சான்று, இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு ஆகிய எதற்குப் போனாலும் முதலில் பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று கணினியே திருப்பி அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காரை விற்றவர் 5 நாட்களுக்குள் போக்குவரத்துத் துறைக்குத் தாமாகவே தெரிவித்துவிடும் முறை நீண்டகாலமாக இருக்கிறது. அதற்கு வாங்கியவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு எழக்கூடிய மறுப்பு ஒன்று எனக்கே தெரிகிறது. விபத்தைச் செய்துவிட்டு, நான் போன மாதமே விற்றுவிட்டேன் என்று பொய் அறிவிப்புக் கொடுத்துத் தப்பிக்கிறவர்கள் வருவார்கள். கடன் பாக்கி உள்ள வண்டியை வங்கிக்குத் தெரியாமல் கை மாற்றுகிறவர்களும் வருவார்கள். உண்மைதான். அதனால்தான் உரிமை மாற்றத்தையே விற்றவர் சொல்லை நம்பிச் செய்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாளும் நேரமும் கணினியே இடும் ஓர் அறிவிப்பைத்தான் கேட்கிறேன். விபத்துக்குப் பிறகு பதிவேற்றினால் அதுவும் அந்த நேரத்துடன்தான் ஏறும், முன்தேதியிட வழியில்லை. கடன் குறிப்பு ஆர்.சி.யில் உள்ள வண்டிகளுக்கு வங்கியின் ஒப்புதல் இல்லாமல் இந்த வசதியைத் திறக்காமல் விடலாம். பாதிக்கப்பட்டவர்களுக்கும் இதனால் இழப்பில்லை. இன்றைக்குப் பழைய உரிமையாளரின் பெயர் ஒன்று மட்டும் கிடைக்கும் இடத்தில், வண்டி யாரிடம் போனது என்ற தகவலும் அவர்களுக்கு முதல் நாளே கிடைக்கும்.

அதுவரை காரை விற்கும் வாசகர்கள், பழைய காரை வாங்கும் வாசகர்கள் இருவருமே இன்ஷூரன்ஸையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 157-ஆம் பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு (விபத்தில் பிறருக்கு நேரும் இழப்புக்கானது) காருடன் சேர்ந்து வாங்கியவருக்குப் போய்விடும் என்றாலும், 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். சொந்தக் காரின் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாகப் போகாது. பெயர் மாற்றாமல் ஓட்டி அடிபட்டால் பழுதுபார்க்கும் செலவு வாங்கியவர் தலையில்தான். இன்ஷூரன்ஸில் இழப்பீடு எதுவும் கோராமல் ஓட்டியதற்குச் சேர்ந்த போனஸ் (நோ கிளெய்ம் போனஸ்) விற்றவருக்கு உரியது, காருக்கு அன்று. அதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த காருக்குப் பயன்படும்.

நான், அந்த அலுவலகத்திலிருந்து திரும்பிய வாரமே, படிவம் 29-ஐ முழுமையாக நிரப்பி, தரகரின் பெயரையே பெற்றுக்கொண்டவர் என்று எழுதி, டெலிவரி நோட்டின் நகலையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அலுவலக முத்திரையுடன் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. இக்கடிதத்தை எழுதுமுன் மறுபடியும் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். கார் இன்னமும் என் பெயரில்தான் இருக்கிறது. அதன் இன்ஷூரன்ஸ் அடுத்த மாதம் 19-ஆம் தேதியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கப் போவது யார் என்று எனக்குத் தெரியவில்லை. எவரும் புதுப்பிக்காவிட்டால், என் கண்ணில் படாமல் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் காருக்காக நானே பிரீமியம் கட்டிவிடுவது நல்லது என்று என் வழக்கறிஞர் நண்பர் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்,
திருச்சி.